மஷூராவும் மாற்றமும் – வரலாற்றில் ஒரு பார்வை

 



மஹாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து ஒப்புதல் பெற்ற பின்னர், இறுதியாக ஒரு வரி இடம்பெறுவது வழக்கம். உறுப்பினர்களின் யோசனைகள் என்பதே அவ்வரி. பெரும்பாலும் அஸர் பாங்கு சொல்லச் சில நிமிடங்களே இருக்கும்போதுதான் அதனை எடுத்துக்கொள்கிறோம். ஆயினும் ஒரு ஜமாஅத் ஒன்றாய் நிற்பதும் இரண்டாய்ப் பிரிவதும் கணக்கினால் அன்று, இந்த ஒரு வரியினாலேதான் என்பதை ஊர் ஊராகக் கண்டு வருகிறோம். மக்தப் மதரஸாவின் நேரத்தைப் பள்ளிக்கூட நேரத்திற்கேற்ப மாற்றலாமா? பழைய ஓட்டுக் கூரையை இறக்கிவிட்டு மாடி எழுப்பலாமா? கடை வாடகையை வேறு செலவுக்குத் திருப்பலாமா? கேள்விகள் சிறியவை. ஆனால் இத்தகைய கேள்வி ஒன்றை முன்னிட்டு, ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுத சகோதரர்கள் ஒருவர் ஜனாஸாவுக்கு மற்றவர் போகாத நிலைக்கு வந்ததும் உண்டு.

மாற்றம் வேண்டுவோர் எல்லாம் மார்க்கத்தை மறந்தவர்கள் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். மாற்றத்தைத் தடுப்போர் எல்லாம் அறிவிலிகள் என்று மற்றொரு சாரார் நினைக்கின்றனர். இவ்விரண்டும் தவறு என்பதே நம் கருத்து. இக்கருத்துக்கு ஆதாரம் வரலாற்றில் நிரம்ப உளது. அதில் சிலவற்றை இங்கே எடுத்துக் காட்ட விழைகிறோம்.

உஹதும் யமாமாவும்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் குறைஷியர் பெரும் படையுடன் மதீனாவை நோக்கி வந்தனர். ஊருக்குள் இருந்தவாறே எதிர்ப்பது நலம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. பத்ரில் பங்கேற்க வாய்ப்புக் கிட்டாத இளைஞர்களோ வெளியே சென்று எதிர்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினர். பெரும்பாலோர் விருப்பம் அதுவாகவே இருந்ததால் நபியவர்கள் அதனை ஏற்றுப் போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். அப்போதுதான் அந்த இளைஞர்கள் நாணி, தங்கள் எண்ணப்படியே செய்யுங்கள் என்றனர். கவசம் அணிந்த ஒரு நபி போரிடாமல் அதனைக் களைவது தகாது என்று நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். முடிவு எடுக்கும் வரையே வாதம், எடுத்த பின் எல்லோரும் அதன்படி நடப்பதே முறை என்பது இதனால் விளங்குகிறது.

அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. உஹதில் எழுபது பேர் ஷஹீதானார்கள். வேறொரு தலைவராயின், இனி யாரிடமும் ஆலோசனை கேட்பதில்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் அப்போருக்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடி, காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து கலந்தாலோசிக்குமாறு நபியவர்களைப் பணித்தது. யோசனை சொன்னவர் மீது பின்னாளில் பழி சுமத்துவது நம் கூட்டங்களில் எளிதாக நடக்கிறது. அதற்கு இங்கே இடமில்லை.

நபியவர்களின் மறைவுக்குப் பின், ஹிஜ்ரி 12ஆம் ஆண்டளவில் யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதானார்கள். இப்படியே போர்கள் தொடர்ந்தால் குர்ஆனின் பகுதிகள் தவறிவிடுமோ என்று அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், அதனை ஒரே ஏடாகத் திரட்ட வேண்டும் என்று கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அல்லாஹ்வின் தூதர் செய்யாத ஒன்றை நாம் எவ்வாறு செய்வது என்பதே கலீபாவிடமிருந்து வந்த முதல் மறுமொழி. நம் கூட்டங்களில் இன்றும் எழும் அதே கேள்வி! கேட்டவரோ ஈமானில் முதல்வர். எனவே இக்கேள்வியைப் பழைமைவாதம் என்று எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை.

உமர் (ரலி) அவர்கள் சினந்து எழுந்து போகவில்லை. வெளியே சென்று நாலு பேரைத் திரட்டவும் இல்லை. இது நன்மையான காரியம் என்று திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்கள். இறுதியில் அபூபக்ர் (ரலி) அவர்களின் உள்ளத்தை அல்லாஹ் அதற்கு விசாலமாக்கினான். பின்னர் அப்பணிக்கு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்தார்கள். அந்த இளைஞரும் அதே கேள்வியையே இருவரிடமும் கேட்டார். கலீபா முடிவு செய்துவிட்டார், சொன்னதைச் செய் என்று யாரும் அவரை அதட்டவில்லை. அவருடைய உள்ளமும் தெளிவடையும் வரை மீண்டும் எடுத்துச் சொன்னார்கள். ஒரு மலையைப் பெயர்த்து வைக்கச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பாரமாக இருந்திராது என்று ஸைத் (ரலி) பிற்காலத்தில் கூறியுள்ளார்கள். குர்ஆனைப் பாதுகாப்பது நோக்கம். மனனத்தோடு ஏட்டையும் சேர்த்தது வழி. நோக்கத்தில் ஓர் அணுவும் மாறவில்லை.

தமிழகத்தில் குர்ஆனைத் தமிழாக்கம் செய்ய முற்பட்டபோதும் ஏறத்தாழ இதே வினா எழுந்தது. ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவி (ரஹ்) அவர்களின் தர்ஜமாவின் முதற்பகுதி 1929இலும், முழு நூல் 1949இலும் வெளிவந்தன. இன்று எத்தனையோ இல்லங்களின் அலமாரியில் ஏதேனும் ஒரு தமிழ் தர்ஜமா இருக்கிறது.

ஸவாது நிலங்கள்

மாற்றங்களில் சிறியவை உண்டு, ஒரு சமுதாயத்தின் போக்கையே திருப்பிவிடும் பெரியவையும் உண்டு. பெரியதொரு மாற்றத்தை எப்படிக் கூட்டத்தின் முன் வைப்பது என்பதற்கு, இராக்கின் ஸவாது நிலங்களைப் பற்றிய மஷூராவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரை இல்லை. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜ் நூலில் இதனை விரிவாகப் பதிந்துள்ளார்கள்.

இராக் வெற்றி கொள்ளப்பட்டபின் அதன் வளமான நிலங்களைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. கைபரில் நிலம் பங்கிடப்பட்டிருந்தது. பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் பங்கிடுமாறே வலியுறுத்தினர். உமர் (ரலி) அவர்களோ நிலத்தை அதன் குடியானவர்களிடமே விட்டு, வரி பெற்று, அதனைப் பொதுவுடைமையாக வைக்க எண்ணினார்கள். இன்று பங்கிட்டுவிட்டால் நாளை வரும் முஸ்லிம்களுக்கு என்ன மிஞ்சும், எல்லைகளைக் காப்போருக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்பதே அவர்களின் கவலை. அலீ, உஸ்மான், தல்ஹா (ரலி-அன்ஹும்) ஆகியோர் உமரின் பக்கம் நின்றனர். வாதம் நாட்கணக்கில் நீண்டது.

உமர் (ரலி) அமீருல் முஃமினீன். ஆணையிட்டிருந்தால் நடந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை. இவ்விவாதத்தில் முன்னரே பக்கம் சேராத அன்ஸாரிகளில் அவ்ஸ் குலத்தினர் ஐவர், கஸ்ரஜ் குலத்தினர் ஐவர் ஆகப் பதின்மரை அழைத்தார்கள். நானும் உங்களில் ஒருவனே, என் விருப்பத்தை நீங்கள் பின்பற்ற வேண்டும் என்பதற்காக அழைக்கவில்லை என்னும் பொருளில் பேசத் தொடங்கினார்கள். தம் வாதத்தை மட்டுமன்றி எதிர்வாதம் செய்வோர் கூறுவதையும் அவர்கள் முன் வைத்தார்கள். ஹஷ்ர் அத்தியாயத்தில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறிப்பிட்டபின் அவர்களுக்குப் பின் வருவோரையும் அல்லாஹ் சேர்த்துச் சொல்லியிருப்பதை ஆதாரமாகக் காட்டினார்கள். பதின்மரும் ஒப்புக்கொண்டனர்.

அத்தோடு கூட்டம் கலைந்துவிடவில்லை. இதனை நிறைவேற்றத் தகுதியானவர் யார் என்று அங்கேயே கேட்கப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களின் பெயர் முன்மொழியப்பட்டது. அவர்கள் சென்று ஸவாதை அளந்தபோது 3 கோடியே 60 லட்சம் ஜரீபு நிலம் கணக்கில் வந்தது என்று அந்நூல் கூறுகிறது. நம் தீர்மானப் புத்தகங்களில் ‘ஆவன செய்யப்படும்’ என்று முடியும் தீர்மானங்கள் எத்தனை! யார் செய்வது, எப்போது செய்வது என்று எழுதப்படாத தீர்மானம் அடுத்த ஆண்டு மீண்டும் யோசனையாகவே வந்து நிற்கும்.

எதிர்த்து வாதிட்ட பிலால் (ரலி) அவர்களின் மதிப்பு இதனால் ஒரு சிறிதும் குறையவில்லை. அவர்களைத் தம் தலைவர் என்று அழைப்பதே உமர் (ரலி) அவர்களின் வழக்கமாயிருந்தது.

சரியானதும் காத்திருக்க வேண்டும்

ஒரு யோசனை சரியானது என்பதாலேயே இன்றே நிறைவேற்றத்தக்கது ஆகிவிடுமா? இதற்கு விடை கஃபாவின் சுவர்களிலேயே இருக்கிறது.

நபித்துவத்திற்கு முன் குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்தபோது ஹலாலான பணம் போதாமையால் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடித்தளத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டனர். அதுவே ஹிஜ்ர் என்னும் பகுதி. வாசலையும் தாம் விரும்பியவரை மட்டும் உள்ளே விடும் பொருட்டு உயரத்தில் அமைத்தனர். உன் சமூகத்தார் அறியாமைக் காலத்தை அண்மையில் கடந்தவர்களாக இல்லாதிருப்பின், கஃபாவை மீண்டும் பழைய அடித்தளத்தில் எழுப்பி இரு வாசல்கள் வைத்திருப்பேன் என்னும் கருத்தை நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்ததாக ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. மக்கா வெற்றி கொள்ளப்பட்டுவிட்டது. அதிகாரம் கையில் இருக்கிறது. யோசனையோ மிகச் சரியானது. ஆயினும் மக்களின் உள்ளம் கலங்கிவிடக் கூடாதே என்று நபியவர்கள் அதனைச் செய்யாமல் விட்டார்கள்.

ஹிஜ்ரி 64இல் முற்றுகையின்போது கஃபா தீயினால் சேதமுற்றது. அப்போது மக்காவை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களைக் கலந்தாலோசித்தார்கள். பழுதானதை மட்டும் செப்பனிட்டால் போதும், மக்கள் இஸ்லாத்தை ஏற்ற காலத்தில் இருந்தவாறே அதனை விட்டுவிடுங்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். இப்னு ஸுபைர் (ரலி) மூன்று நாள் இஸ்திகாரா செய்து, அதன்பின் தம் சிறிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்ட ஹதீஸின்படி முழுவதையும் எடுத்துக் கட்டினார்கள். பத்தாண்டுகள் கூட ஆகவில்லை. அவர்கள் ஷஹீதாக்கப்பட்டபின் ஹஜ்ஜாஜ், கலீபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி அதனை மீண்டும் பழைய வடிவுக்கே மாற்றினான். பின்னர் அந்த ஹதீஸ் உண்மையானதே என்று வேறொருவர் உறுதிப்படுத்தக் கேட்டு அப்துல் மலிக் வருந்தியதாகவும் அறிவிப்பு உளது. அப்பாஸிய கலீபா ஒருவர் மறுபடியும் மாற்ற விரும்பியபோது, அல்லாஹ்வின் இல்லத்தை அரசர்களின் விளையாட்டுப் பொருளாக்கிவிட வேண்டாம் என்று இமாம் மாலிக் (ரஹ்) தடுத்துவிட்டார்கள். வெள்ளத்தால் சுவர்கள் சரிந்து ஹிஜ்ரி 1040இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் கட்டப்பட்டபோதும் அதே வடிவமே பேணப்பட்டது. ஹிஜ்ர் இன்றும் வெளியேதான் இருக்கிறது.

ஒரு நிர்வாகம் வந்து கட்டுவதும் அடுத்த நிர்வாகம் வந்து இடிப்பதுமான ஊர்களை நினைக்கும்போதெல்லாம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் அறிவுரை நம் நினைவுக்கு வருகிறது.

கூட்டத்திற்கு உட்படாதது

எத்தனை பேர் கையுயர்த்தினாலும் மாற்ற இயலாத ஒன்றும் உண்டு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலப்பொருளை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். அதன்படி, அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகவும் ஆகாது என்று உமர் (ரலி) நிபந்தனையிட்டார்கள். ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோருக்கு விளைச்சல் உரியதாயிற்று. அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், ஆனால் அதைக் கொண்டு சொத்துச் சேர்க்கலாகாது. முத்தவல்லி என்னும் பொறுப்பின் இலக்கணம் முழுவதும் இந்தச் சில நிபந்தனைகளில் அடங்கியிருக்கிறது.

வக்ஃபு செய்தவர் இட்ட நிபந்தனை, ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்று பேணப்பட வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசல் விளக்குக்கென எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தை வேறொன்றுக்குத் திருப்ப மஹாசபைக்கு அதிகாரம் இல்லை. பயனற்றுப்போன வக்ஃபு நிலத்தை மாற்றிக்கொள்வதில் ஹனஃபி மத்ஹபில் சில நிபந்தனைகளுடன் இடமுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் மிகக் கண்டிப்பு. நம் தமிழ்நாட்டில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் இத்தகைய கேள்விகள் எழும்போது ஃபத்வா பெறாமல் கையுயர்த்துவது ஆபத்தானது. சட்டமும் இதில் தலையிட்டே வந்துள்ளது. 1923ஆம் ஆண்டின் சட்டம் முத்தவல்லிகள் வக்ஃபு விவரங்களையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. பின் 1954, 1995ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. 2025இல் வந்த திருத்தச் சட்டம் வக்ஃபு விவரங்களை மத்திய இணையத் தளத்தில் பதிய வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு யோசனை வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது தீர்மானப் புத்தகம் அன்று, வக்ஃபுப் பத்திரம்.

நம் மண்ணின் பழைய சபை

அறக்கொடையும் அதற்கான நிர்வாகமும் நாம் வாழும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. நம் பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள், 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. அதற்கடுத்த நூற்றாண்டில், காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் ஒரு சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. பிற சமயத்தாருடையது எனினும், நன்மை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வது நம் மரபு.

குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். பலரும் கவனிக்காதது, அங்கே கல்வெட்டுகள் இரண்டு உள்ளன என்பது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் மற்றொன்று. ஏன் இரண்டு? முதல் விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தியிருக்கிறார்கள். உறுப்பினராவோரின் வயது முதலில் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டதாக இருந்தது, பின்னர் முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதாக மாற்றப்பட்டது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரத் தடை விதிக்கப்பட்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்குப் பதவிக்காலம் ஓராண்டே. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. எல்லோருக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கல்லில் வெட்டிய விதியையும் பட்டறிவு கண்டு திருத்தத் துணிந்தார்கள். திருத்தியதையும் மறைக்காமல் பழையதன் பக்கத்திலேயே கல்லில் வெட்டினார்கள்.

தேவ்பந்தின் எட்டு விதிகள்

நம் காலத்துக்கு நெருங்கி வருவோம். 1866 மே மாதம் தேவ்பந்தின் சத்தா பள்ளிவாசலில், ஒரு மாதுளை மரத்தடியில், ஓர் உஸ்தாதும் ஒரு மாணவருமாகத் தொடங்கியதே தாருல் உலூம். அரசர்களின் மானியம் போய்விட்ட காலம் அது. ஹாஜி ஆபித் ஹுஸைன் (ரஹ்) அவர்கள் துணியை விரித்து வீடு வீடாகச் சந்தா திரட்டினார்கள். மக்களின் பணத்தில் நடக்கும் மதரஸா என்பதால் மக்களோடு கலந்தாலோசிக்கும் முறையும் தேவைப்பட்டது. மௌலானா முஹம்மது காஸிம் நானோத்தவி (ரஹ்) அவர்கள் அதற்கென எட்டு விதிகளை எழுதி வைத்தார்கள்.

அவற்றில் மூன்றாவது விதி முழுவதும் மஷூராவைப் பற்றியது. அதன் கருத்தைச் சொல்கிறோம். ஆலோசகர்கள் தம் கருத்தில் பிடிவாதம் கொள்ளலாகாது; தம் கருத்துக்கு மாறானதைக் கேட்கப் பொறுக்காத நிலை வந்தால் மதரஸாவின் அடித்தளமே ஆட்டம் காணும். சொல்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்பவர் நல்லெண்ணத்துடன் கேட்க வேண்டும். பிறர் கருத்து சரியெனப் புரிந்தால் மனதார ஏற்க வேண்டும். முஹ்தமிம், ஆலோசனை வேண்டும் காரியங்களில் கட்டாயம் ஆலோசிக்க வேண்டும். நிரந்தர ஆலோசகர்களிடம் மட்டுமன்றி, வந்துபோகும் விருந்தினரில் அறிவும் அக்கறையும் உடையவரிடமும் கேட்கலாம். போதிய அளவினரிடம் கேட்டுவிட்டால், என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று ஒருவர் மனம் வருந்தக் கூடாது. ஆனால் யாரிடமுமே கேட்காமல் முஹ்தமிம் செய்திருந்தால் ஆலோசகர் எவரும் ஆட்சேபிக்கலாம்.

இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். என்னைக் கேட்கவில்லை என்னும் மனக்குறைதான் பல ஜமாஅத்களில் பிளவின் வேர். யோசனை நல்லதா கெட்டதா என்பது பிறகு வருவது. மௌலானா அவர்கள் அந்த வேரிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

விதி எழுதியவரே அதற்கு இலக்கணமாகவும் நின்றார். மாணவர் பெருகியபோது தனிக் கட்டடம் வேண்டும் என்ற யோசனை எழுந்தது. ஹாஜி ஆபித் ஹுஸைன் (ரஹ்) அவர்கள் அதனை விரும்பவில்லை. ஜாமிஆ பள்ளிவாசலின் அறைகளே போதும், வீண்செலவு வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. முடிவு கட்டடத்திற்குச் சாதகமாயிற்று. ஹிஜ்ரி 1292இல் அடிக்கல் நாட்டும் நாளில் ஹாஜியார் அவ்விடம் வராமல் சத்தா பள்ளிவாசலில் இருந்துவிட்டார்கள். மௌலானா நானோத்தவி (ரஹ்), வராதவரை விட்டுவிட்டுக் கல்லை வைத்துவிடவில்லை. தாமே தேடிச் சென்று, தங்கள் மனம் நோகச் செய்துவிட்டோம் என்று மன்றாடினார்கள். இருவரும் கண்கலங்கினார்கள். பின் இருவரும் சேர்ந்தே வந்து விழாவில் பங்கேற்றார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த நடைதான் அதன் அஸ்திவாரம் என்று நாம் எண்ணுவதுண்டு.

நத்வாவின் இருபது ஆண்டுகள்

தேவ்பந்தில் நடந்தது ஒரு கட்டடம் பற்றியது. பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்ற யோசனையோ ஓர் அமைப்பை இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது.

18ஆம் நூற்றாண்டில் ஃபிரங்கி மஹல் முல்லா நிஸாமுத்தீன் (ரஹ்) அவர்கள் வகுத்த தர்ஸே நிஸாமி என்னும் பாடத்திட்டமே இந்தியாவின் மதரஸாக்களில் பரவியிருந்தது. சுல்லமுல் உலூம், ஸத்ரா, ஷம்ஸே பாஸிகா என்று மன்திக், ஃபல்ஸஃபா கிதாபுகள் அதில் மிகுதி. தஃப்ஸீரும் ஹதீஸும் குறைவு. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இப்பெயர்கள் புதியன அல்ல. காலம் மாறிவிட்டது, பாடமும் மாற வேண்டும் என்ற எண்ணம் 1892இல் கான்பூர் ஃபைஸே ஆம் மதரஸாவின் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த ஆலிம்களிடையே உருவாயிற்று. 1894 ஏப்ரலில் அதே ஊரில் நத்வத்துல் உலமாவின் முதல் மாநாடு கூடியது. பல்வேறு கொள்கைப் போக்குடைய ஆலிம்கள் ஒரே மேடையில் அமர்ந்தனர். மௌலானா முஹம்மது அலீ முங்கேரி (ரஹ்) நாழிம் ஆனார்கள்.

ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் மாநாடு கூடியது. தீர்மானங்கள் நிறைவேறின, பாராட்டுகள் குவிந்தன. ஆனால் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று மாநாட்டில் தலையசைத்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் தத்தம் மதரஸாவில் பழைய கிதாபையே திறந்தார்கள். இதனைக் கண்ட முங்கேரி (ரஹ்) அவர்கள், பிறரை மாற்றச் சொல்வதை விடத் தாமே ஒரு மாதிரியை நடத்திக் காட்டுவது மேல் என்று உணர்ந்தார்கள். புதிய தாருல் உலூமுக்கான வரைவை எழுத்தில் வடித்து ஆலிம்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். கூட்டத்தில் திடீரென எழுந்து பேசி கைதட்டல் பெறுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. 1898 செப்டம்பரில் லக்னோவில் தாருல் உலூம் திறக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளோடு மட்டுமே.

1903இல் முங்கேரி (ரஹ்) பொறுப்பிலிருந்து விலகினார்கள். 1905இல் அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) கல்விப் பொறுப்பை ஏற்றார்கள். மன்திக் கிதாபுகளைக் குறைத்தார்கள், குர்ஆனுக்கும் அரபி இலக்கியத்திற்கும் முதலிடம் தந்தார்கள், ஆங்கிலத்தைப் பாடமாக்கினார்கள். அரபியில் முன்னறிவிப்பின்றிச் சொற்பொழிவாற்றும் மாணவர்கள் உருவானார்கள். ஸையித் ஸுலைமான் நத்வி (ரஹ்) அவர்களுள் ஒருவர். 1908இல் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் நிர்வாகக் குழுவில் பலருக்கு ஷிப்லி அவர்களின் வேகம் உவப்பாக இல்லை. கருத்து வேற்றுமை ஆண்டுக்காண்டு முற்றியது. 1913இல் ஷிப்லி விலகினார்கள். 1914இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் முயற்சியில் தில்லியில் கூட்டம் கூடி, நத்வாவின் விதிமுறைகளைச் சீர்செய்வது பற்றி ஆராய வேண்டியதாயிற்று. நவம்பரில் ஷிப்லி (ரஹ்) வஃபாத்தானார்கள்.

ஷிப்லி அவர்களின் யோசனைகளில் பெரும்பாலானவை சரியானவை என்றே நாம் கருதுகிறோம். அவர்களை எதிர்த்தோரும் நத்வாவின் எதிரிகள் அல்லர். இரு தரப்பாரும் கூட்டத்திற்கு வெளியே பேசியவை மிகுதி, உள்ளே ஒருவரை ஒருவர் தெளிவித்தது குறைவு. யமாமாவுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), ஸைத் (ரலி) மூவரிடையே நடந்தது லக்னோவில் நடக்கவில்லை. அதற்கு விலையாக ஒரு கல்விச்சாலை தன் ஆசானை இழந்தது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நின்றனர்.

1915இல் மௌலானா அப்துல் ஹை ஹஸனி (ரஹ்) நாழிம் ஆனார்கள். நீண்ட காலமாக நத்வாவின் அலுவல்களை உடனிருந்து கவனித்தவர், ஆரவாரமில்லாதவர். 1923இல் வஃபாத்தாகும் வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். கல்விப் பொறுப்பு ஷிப்லியின் மாணவரான ஸையித் ஸுலைமான் நத்வி (ரஹ்) அவர்களிடம் வந்தது. ஆங்கிலம் பாடத்தில் நிலைத்தது, தர்ஸே நிஸாமியின் மன்திக் சுமை திரும்பி வரவில்லை. அப்துல் ஹை (ரஹ்) அவர்களின் மகனார் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வி (ரஹ்) 1961 முதல் 1999 வரை நாழிமாக இருந்த காலத்தில், அரபு நாடுகளே இந்திய ஆலிம் ஒருவரின் அரபி எழுத்தை விரும்பிப் படித்தன.

மஹாசபைக் கூட்டத்திற்கு யோசனை அளிக்க விரும்பும் ஜமாஅத்தார்கள் அதனை எழுத்தில், கூட்டத்திற்குப் பதினைந்து நாள் முன்னதாகச் செயலாளரிடம் ஒப்படைத்தால், ஆட்சேபனை உடையோரும் படித்துச் சிந்தித்து வர ஏதுவாகும். வக்ஃபு வருமானம் தொடர்பான யோசனையாயின் பத்திரத்தின் நகலையும் இணைத்துத் தருதல் நலம். முதியவர்கள், எழுத இயலாதவர்கள் மக்ரிபுக்குப் பின் பள்ளிவாசலில் நம்மிடம் சொன்னால் எழுதித் தருவோம்.